பாலத்துக்கு வினை உண்டா?

போன ஐப்பசி அடைமழையில் விழுந்த ஒரு இடி எங்கள் வீட்டு மோடத்தின் நாலு லேன் துளைகளில் மூன்றைத் தின்றுவிட்டது. கூடத்து டிவிக்கு ஒரு கேபிள், மாடியில் மகள் வீட்டுக்கு ஒன்று, என் மேசைக்கு ஒன்று என்று இருந்த வீட்டில், ஒரே இலையில் மூன்று பேர் உட்கார்ந்த கதையாகிவிட்டது. கம்பெனிக்காரர் வந்தார், பார்த்தார், மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான்.

"தாத்தா, ஆயிரம் ரூபாய்க்குள்ள ஒரு ஸ்விட்ச் வாங்கிப் போட்டா முடிஞ்சுது" என்றாள் பேத்தி. கம்ப்யூட்டர் படிப்பு மூன்றாம் வருஷம். அவள் சொன்னதுதான் சரி. ஒரு சின்ன ஸ்விட்ச் நாலைந்து வாட்டில் ஓடும். நான் செய்ததோ, பரணில் கிடந்த பழைய டெஸ்க்டாப்பை இறக்கித் தூசி தட்டி, டெபியன் லினக்ஸ் ஏற்றி, யாரோ கழித்துக் கட்டிய சர்வரிலிருந்து வந்த நாலு துளை லேன் கார்டை வாங்கிச் செருகியது. ஐம்பது வாட்டுக்குக் குறையாமல் குடிக்கும். கரண்ட் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது கேட்டால் எனக்குப் பதில் கிடையாது.

பதில் ஒன்று உண்டு, ஆனால் அது பில்லோடு ஒட்டாது. நான் முப்பத்தெட்டு வருஷம் ஆர்.எம்.எஸ்ஸில் கடிதம் பிரித்தவன். ரயிலோடு ஓடும் தபால் வண்டியில் பாதி, ஸ்டேஷன் ஓரத்துக் கட்டடத்தில் பாதி. கடிதம் பிரிப்பது என்ற பேச்சுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம். ஊர்வாரியாகப் பிரிப்பது ஒன்று, உறையைப் பிரிப்பது இன்னொன்று. முதலாவதற்குச் சம்பளம், இரண்டாவதற்கு சஸ்பென்ஷன். அந்தக் கோட்டின் மேலேயே நடந்து ரிட்டயர் ஆனவனுக்கு, ஸ்விட்ச் என்று விற்கிற மூடிய டப்பாவுக்குள் என்னதான் நடக்கிறது என்று திறந்து பார்க்க ஆசை வராதா?

லினக்ஸில் இதற்குப் பாலம் என்றே பெயர். பிரிட்ஜ். 'ஐபி லிங்க் ஆட்' என்று தொடங்கும் ஒரே வரியில் 'பிஆர்0' என்ற பாலம் பிறந்துவிடுகிறது. கையில் பிடித்துக் காட்ட முடியாத வஸ்து. பிறகு ஒவ்வொரு துளையையும் அதில் சேர்க்க வேண்டும். அந்தக் கட்டளையில் வருகிற சொல் 'மாஸ்டர்': இந்தத் துளைக்கு இனி ஆண்டான் பிஆர்0. முதல் துளையைச் சேர்த்ததுமே, மாடியிலிருந்து லேப்டாப் வழியாக நான் வைத்திருந்த தொடர்பு அறுந்துவிட்டது. ஏன் என்று புரியக் கால் மணி நேரம் ஆயிற்று. துளைக்கு அதுவரை சொந்தமாக ஒரு ஐபி முகவரி இருந்தது. பாலத்துக்குள் போனபின் அந்த முகவரி அதன் பெயரில் எழுதியிருந்தாலும் செல்லாது. முகவரி வேண்டுமென்றால் பாலத்துக்குக் கொடுக்க வேண்டும். எங்கள் சைவத்தில் ஆட்கொள்ளுதல் என்று ஒரு சொல் உண்டு. கீழே இறங்கி வந்து மானிட்டரைப் போட்டு அந்த வரியைப் பார்த்தபோது, அந்தச் சொல்தான் முதலில் வாயில் வந்தது.

அடுத்து லாகில் ஒரு வரி. அந்தத் துளை 'ப்ராமிஸ்குவஸ்' நிலைக்குப் போய்விட்டதாம். பேத்தி சிரித்தாள், எனக்கு அர்த்தம் சொல்லக் கூச்சப்பட்டாள். விஷயம் கண்ணியமானதுதான். சாதாரணமாக ஒரு லேன் கார்டு தன் பேருக்கு வந்ததையும் ஊருக்கே பொதுவாக வந்ததையும் மட்டும் உள்ளே விடும், மற்றதை வாசலிலேயே தள்ளிவிடும். பாலத்தில் சேர்ந்த துளை அப்படி இருக்க முடியாது. தனக்கு ஒன்றுமே வராவிட்டாலும், அடுத்தவர்களுக்கு வருகிற அத்தனையையும் அது வாங்கியாக வேண்டும்.

அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமை சித்தாந்த வகுப்பில் இருவினையொப்பு நடந்துகொண்டிருந்தது. நல்வினையின் பயனையும் தீவினையின் பயனையும் ஒரே மனத்தோடு ஏற்கிற பக்குவம். அது வந்தால் மலம் பழுக்கும், பழுத்தால் அருள் பதியும் என்பது முறை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர்தான் நடத்துகிறார். நான் எழுந்து கேட்டேன்: "ஐயா, தபால் பையில சாவுச் செய்தியும் இருக்கு, கல்யாணப் பத்திரிகையும் இருக்கு. பிரிக்கிறவனுக்கு ரெண்டும் ஒரே கனம். அது இருவினையொப்புல சேருமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குங்குமம் சுமக்கிற கழுதைக்கும் ரெண்டும் ஒரே கனம்தானுங்களே" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது குத்திக்கொண்டே வந்தது.

கழுதை அல்ல என்று நிரூபிக்கத்தானோ என்னவோ, பாலத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தேன்.

பாலம் எப்படிப் பிரிக்கிறது என்று பார்த்தால் என் பழைய வேலையை விடக் கஷ்டம். எங்களுக்கு 1972 ஆகஸ்ட் 15 முதல் பின்கோடு இருந்தது. ஆறு இலக்கம். முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பக்கம். அடுத்த இரண்டைப் பார்த்தால் எந்தப் பகுதி என்று தெரிந்துவிடும், கை தானாக அந்தப் பொந்துக்குப் போகும். வலையில் ஓடுகிற பொட்டலத்தின் மேல் இருப்பது மேக் முகவரி. நாற்பத்தெட்டு பிட். அதன் முதல் பாதி, யார் செய்த கருவி என்று சொல்லும். எங்கே இருக்கிற கருவி என்று சொல்லாது. குலப்பெயரை மட்டும் எழுதித் தபாலில் போட்ட மாதிரி.

அப்படியானால் பாலம் என்ன செய்யும்? பெறுநரைப் பார்க்கும் முன் அனுப்புநரைப் பார்க்கிறது. 'இந்த முகவரிக்காரர் இரண்டாம் துளைப் பக்கமிருந்து பேசினார்' என்று குறித்துக்கொள்கிறது. பிறகு அவருக்கு ஏதாவது வந்தால் இரண்டாம் துளையில் விடுகிறது. பேசியே இராத ஆளுக்கு வந்தால், வந்த துளையைத் தவிர மற்ற எல்லாத் துளையிலும் தண்டோரா போட்டுவிடுகிறது. உரியவர் பதில் சொல்வார், அப்போது இடம் தெரிந்துவிடும். யாரும் வந்து இதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேசுகிறவர்களைக் கேட்டுக்கேட்டே ஊரைத் தெரிந்துகொள்கிறது.

அந்தக் குறிப்பேட்டை நாம் பார்க்கலாம். 'பிஆர்சிடிஎல் ஷோமேக்ஸ்' என்று அடித்தால் வரிசையாக வரும்: துளை எண், மேக் முகவரி, நம்முடையதா என்று ஒரு கட்டம், கடைசியில் நொடிக் கணக்கு. டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் வரியில் 0.03, 0.41, திரும்பவும் 0.02. பேசப்பேசக் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பும். ஒரு நாள் இரவு டிவியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். 14. 60. 122. மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, டிவிய அணைச்சுட்டு இதை உக்காந்து பாக்குறீங்களா?" 240. 288. 297. முன்னூறைத் தாண்டியதும் வரி இல்லை. திரும்ப அடித்தேன், இல்லை. முன்னூறு நொடி பேசாவிட்டால் பாலம் மறந்துவிடுகிறது. மறக்காவிட்டால், வீடு மாறிப் போய் இன்னும் வாய் திறக்காத ஆளுக்கு வருவதைப் பழைய வாசலிலேயே போட்டுக்கொண்டிருக்கும். எனக்கு முப்பது வருஷம் முன்னால் ஓய்வான ஹெட் சார்ட்டர் ஒருவர், கடைசிக் காலத்தில் மகன் பெயரை மறந்துவிட்டார். ஊர்களின் பொந்து வரிசையை மட்டும் தலைமாட்டில் யார் உட்கார்ந்தாலும் ஒப்பிப்பார். எது போகவேண்டும், எது நிற்கவேண்டும் என்பது நம் கையில் இல்லை. பாலத்துக்கு யாரோ முன்னூறு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கொடுத்துவைத்தது.

கார்த்திகை தீபத்துக்கு வீட்டைக் கூட்டும்போது வலை மொத்தமாகச் செத்தது. டிவி இல்லை, மாடியில் இல்லை, எதுவுமே இல்லை. ஆனால் கார்டின் விளக்குகள் மட்டும் கண் கூசும்படி சிமிட்டுகின்றன. இவ்வளவு சுறுசுறுப்பான ஒரு பிணத்தை நான் பார்த்ததில்லை. மானிட்டரைப் போட்டால் ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடுகிறது: என் சொந்த முகவரியையே அனுப்புநராகப் போட்ட பொட்டலம் எனக்கு வந்திருக்கிறது என்று பிஆர்0 புலம்புகிறது.

"ஒரு வயரு சும்மா தொங்கிக்கிட்டு இருந்துச்சு. எலி கடிச்சுடுமேன்னு காலியா இருந்த ஓட்டைல சொருகிட்டேன்" என்றாள் மனைவி. நான் சோதனைக்காக ஒரு முனையைச் செருகி மறுமுனையை விட்டுவைத்திருந்த கேபிள். இப்போது அதன் இரண்டு முனையும் ஒரே பாலத்தில். இந்தத் துளையில் போனது அந்தத் துளையில் வருகிறது. புதிதாக வந்ததாக நினைத்துப் பாலம் அதைத் திரும்ப எல்லாத் துளையிலும் விடுகிறது. அதில் ஒன்று மறுபடி சுற்றி வருகிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஐபி பொட்டலத்துக்கு ஆயுள் எழுதியிருக்கிறது. லினக்ஸில் பெரும்பாலும் 64. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும், பூஜ்யமானால் அங்கேயே முடிந்தது. ஆனால் பாலம் ரவுட்டர் இல்லை. அது பார்க்கிற ஈதர்நெட் உறையின் மேல் ஆயுள் என்ற கட்டமே இல்லை. சுழலில் மாட்டினால் சாவு கிடையாது, முக்தியும் கிடையாது. யாராவது வந்து கேபிளைப் பிடுங்கும் வரை சுற்ற வேண்டியதுதான். பிறவிச் சுழல் என்று வகுப்பில் மாதக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதை விளக்கு சிமிட்டலாகப் பார்த்தேன். ஆணவம் என்றால் கர்வம் இல்லை, தன்னைத் தானே அறியவிடாமல் மறைக்கிற இருள் என்று ஆசிரியர் ஓயாமல் சொல்வார். தன் பொட்டலத்தையே எதிரே பார்த்துவிட்டு 'யாரோ என் முகவரியோடு வருகிறார்கள்' என்று பதறுகிற பிஆர்0-வை அவரிடம் காட்டியிருக்கலாம்.

இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார். 1985இல், அமெரிக்காவில் டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கம்பெனியில் வேலை பார்த்தபோது. அந்த முறையை விளக்க மரத்தைப் பற்றிய ஒரு பிரபலமான ஆங்கிலக் கவிதையின் சாயலில் ஒரு கவிதையும் எழுதியிருக்கிறார், ரசிகை. பாலங்கள் இரண்டு நொடிக்கு ஒரு தரம் தங்களுக்குள் ஒரு சின்னச் செய்தி அனுப்பிக்கொள்ளும். அதில் ஒன்று வேராக நிற்கும். வேருக்குப் போக இரண்டு வழி இருந்தால், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மூடிவிடும். சுழல் இல்லாத வடிவத்துக்கு அவர்கள் கணக்கில் மரம் என்று பேர். ஆலமரம் அதில் சேராது; விழுதுவிட்டு மறுபடி மண்ணைத் தொடுகிற மரம் வலையைக் கொன்றுவிடும். லினக்ஸ் பாலத்தில் இந்த ஏற்பாட்டை நாமாகப் போட்டால்தான் வேலை செய்யும். போட்டேன். மனைவியைக் கூப்பிட்டு, அதே கேபிளை அவள் கையாலேயே செருகச் சொன்னேன். 'கேட்கிறேன்' நிலையில் 15 நொடி, 'கற்கிறேன்' நிலையில் 15 நொடி என்பது விதி. எங்கள் பாலத்துக்கு அவ்வளவுகூட வேண்டியிருக்கவில்லை. தன் செய்தியே தன்னிடம் திரும்பி வருவதைப் பார்த்துவிட்டு, ஒரு துளையைத் தானாக அடைத்துக்கொண்டது. டிவியில் சீரியல் நிற்கவில்லை.

"இப்ப மட்டும் எப்படி ஓடுது?"

"ஒரு கதவை அதுவே சாத்திக்கிச்சு."

"அந்தப் புத்தி முதல்லயே இருந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பாலத்தைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா தெரியவில்லை.

மார்கழியில் இன்னொன்று நடந்தது. பேத்தி தன் காலேஜ் ப்ராஜெக்டுக்காக அந்த மெஷினில் டாக்கர் என்று ஒன்றை ஏற்றினாள். மறுநாள் காலை, டிவி இணைந்திருக்கிறது என்கிறது, ஆனால் ஒரு படமும் வரவில்லை. விளக்கு எரிகிறது, குறிப்பேட்டில் டிவியின் வரி இருக்கிறது, 'நீ யார், எங்கே இருக்கிறாய்' என்ற குசல விசாரிப்புகூடப் போய் வருகிறது. அதற்கு மேல் ஒன்றும் போகவில்லை. சாயங்காலம் அவள் வந்து தேடிக் கண்டுபிடித்தாள். அந்த மென்பொருள் வரும்போதே ஃபயர்வாலில் 'கடந்து போவது எதையும் விடாதே' என்று எழுதிவிட்டது. கூடவே, பாலத்தின் வழியே போகிற பொட்டலங்களையும் ஃபயர்வாலிடம் காட்டு என்கிற ஒரு மாட்யூலும் விழித்துக்கொண்டது. அதுவரை உறையின் மேல் முகவரியை மட்டும் பார்த்த பாலம், உறைக்குள் இருக்கிற ஐபி பொட்டலத்தை எட்டிப் பார்த்து, அனுமதி இல்லை என்று கீழே போட ஆரம்பித்துவிட்டது. யாருக்கும் தகவல் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. எங்கள் காலத்தில் சேர்க்க முடியாத கடிதத்துக்கு ஆர்.எல்.ஓ. என்று ஓர் ஆபீஸ் இருந்தது. அங்கே மட்டும்தான் உறையைப் பிரிக்க அதிகாரம், அதுவும் யாருக்குத் திருப்பி அனுப்புவது என்று கண்டுபிடிக்க.

"சாரி தாத்தா, என்னோட தப்பு" என்றாள்.

"பரவால்ல கண்ணு. எனக்குப் பழக்கப்பட்ட தப்புதான்" என்றேன். அவளுக்கு விளங்கியிருக்காது.

1984. இரவு வண்டி. நின்றபடியே பிரித்துக்கொண்டிருந்தேன், கால் வண்டியோடு ஆடப் பழகியிருந்தது. ஒரு இன்லேண்ட் லெட்டர் கைக்கு வந்தது. அனுப்புநர் இடம் காலி. பெறுநர் திருநெல்வேலிப் பக்கம் ஒருவர், எனக்குத் தெரியாத ஆண் பெயர். ஆனால் எழுத்து தெரிந்தது. 'று' எழுதும்போது வாலை ஒரு சுழி கூடுதலாகச் சுற்றுகிற எழுத்து. அதற்காகவே அப்பாவிடம் திட்டு வாங்கிய எழுத்து. என் தங்கை.

பிரிக்கவில்லை. அதை மட்டும் சத்தியமாகச் சொல்ல முடியும். சட்டைப் பையில் வைத்தேன். மூன்று நாள் வைத்திருந்தேன். அப்பாவிடம் கொடுக்கலாமா, கிழித்துவிடலாமா, அவளிடமே கேட்டுவிடலாமா என்று மூன்று நாள். நாலாம் நாள் இரவு வண்டியில் ஏறியதும், மற்றக் கடிதங்களோடு அதன் பொந்தில் போட்டேன். பை கட்டி, அரக்கு வைத்து, இறக்கிவிட்டோம். போய்ச் சேர்ந்திருக்கும். இரண்டு மாதம் கழித்துப் புதுக்கோட்டையிலிருந்து வரன் வந்தது, சரி என்று ஒரே சொல்லில் சொன்னாள். மூன்று நாள் தாமதத்துக்கும் அந்தச் சரிக்கும் தொடர்பு உண்டா? இருக்கலாம். கடிதம் வெறும் நோட்டுப் புத்தகச் சமாசாரமாகவும் இருந்திருக்கலாம். நாற்பது வருஷமாக எனக்குத் தெரியாது.

ஆசிரியர் சொன்ன கழுதையிடம் இப்போது வருகிறேன். கழுதைக்கும் பிஆர்0-வுக்கும் வினை இல்லை. எது என்னவென்று அதுகளுக்குத் தெரியாது, அதனால் எல்லாம் ஒரே கனம். அந்தக் குற்றமின்மை மலிவானது. என் கையில் ஓடிய லட்சக்கணக்கான கடிதங்களிலும் அப்படித்தான், நான் நல்லவனாக இருந்ததாக ஒன்றும் இல்லை. யாருடைய எழுத்து என்று தெரிந்த ஒரே ஒரு கடிதத்தில்தான் எனக்குப் பரீட்சை வந்தது. ஒப்பு என்ற சொல்லுக்கு அங்கேதான் வேலை. தெரிந்தும் அதே கனத்தோடு அதே பொந்தில் போட்டிருந்தால் அது ஒப்பு. மூன்று நாள் கழித்துப் போட்டது என்ன? இன்னொரு கேள்வியும் உண்டு, அதை வகுப்பில் கேட்க வாய் வரவில்லை: அன்றே போட்டிருந்து, அந்த ஆள் அயோக்கியனாக இருந்து, அவள் வாழ்க்கை கெட்டிருந்தால், அந்த வினையில் எனக்குப் பங்கு இல்லையா? சும்மா இருப்பதே பெரிது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பாலம் சும்மாவா இருக்கிறது? கேட்கிறது, குறிக்கிறது, மறக்கிறது, வேண்டிய நேரத்தில் தன் கதவையே சாத்துகிறது. சும்மா இருக்க இத்தனை வேலை. அதில் ஒன்றைத்தான் நான் அன்று செய்யவில்லை, குறித்துக்கொண்டேன், மறக்கவில்லை.

தைப் பொங்கலுக்குத் தங்கை வந்தாள். பேரன் அயல்நாட்டில் இருக்கிறான், வந்ததும் மாடியில் உட்கார்ந்து வீடியோவில் கூப்பிட்டாள். மாடி வைஃபை டப்பாவை வெறும் அக்சஸ் பாயிண்டாகத்தான் வைத்திருக்கிறோம், அதனால் அங்கே பேசுகிற போன்களெல்லாம் பாலத்தின் குறிப்பேட்டில் தெரியும். கீழே மானிட்டரில் புதிதாக ஒரு வரி முளைத்தது. முகவரியின் இரண்டாவது எழுத்து 6. இந்தக் காலத்துப் போன்கள் தங்கள் உண்மை முகவரியைச் சொல்வதில்லை, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைபெயர் வைத்துக்கொள்கின்றன. இரண்டாவது இடத்தில் 2, 6, ஏ, ஈ வந்தால் அது புனைபெயர். அனுப்புநர் இடம் காலி என்ற மாதிரிதான். ஆனால் அவள் என்று எனக்குத் தெரிந்தது. நொடிக் கணக்கு 0.01, 0.00, 0.02 என்று துடித்துக்கொண்டிருந்தது.

இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மூட்டு வலி. "உங்க வீட்டு நெட்டு நல்லா இருக்குண்ணே. எங்க வீட்டுல நின்னு நின்னு வரும். இங்க நிக்காமப் போகுது."

"ஆமாம்மா" என்றேன்.

"நீங்களே செஞ்சீங்களாமே, அண்ணி சொன்னாங்க. என்ன பண்ணுது அது?"

"வர்றதை வாங்கி, போகவேண்டிய இடத்துல போடுது."

"அவ்வளவுதானா?" என்று சிரித்தாள். காபியைக் குடித்துவிட்டு, ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். தெருமுனை வரை கூடப் போனேன். ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்து மானிட்டரைப் போட்டபோது அவள் வரி இன்னும் இருந்தது. 211. நான் எழுந்து போய் வாசல் விளக்கைப் போட்டேன். திரும்பி வந்தேன். 263. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.